யுஃப்ரோ ஹெஸ்லிங்கின் நார்வேக்காரர்

அலைடா ஹெஸ்லிங்க் போன பிப்ரவரியில் இறந்தபோது எங்கள் டெவென்டர் ஊர்ப் பத்திரிகை நான்கு வரி போட்டது. பல ஆண்டுகள் மொழிபெயர்ப்புப் பணி செய்தவர், தேவாலயத் தையல் சங்க உறுப்பினர் என்று. தையல் சங்கத்தில் அவர் ஒரு கைக்குட்டையாவது தைத்தாரா என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பு என்று போட்டார்களே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் மொழிபெயர்த்த முப்பத்தேழு நாவல்களை அச்சிட்டவன் நான். முப்பத்தெட்டாவதையும் நான்தான் அச்சிட்டேன். பத்திரிகைக்காரர்கள் விட்டுவிட்டது அந்த முப்பத்தெட்டாவதைத்தான்.

நான் படகுக்காரன் மகன். நான்கு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனேன். ஆற்றில் பனி உருகியதும் படகு கிளம்பிவிடும், படிப்பு கரையில் நின்றுவிடும். எழுத்தை ஒழுங்காகக் கற்றதே அச்சுக் கோக்கும் மேஜையில்தான், அதுவும் தலைகீழாக. அப்படிப்பட்டவன் முப்பத்தொரு வயதில் சொந்த அச்சகம் வைத்தேன், ஐம்பதில் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் என்னைப் பார்த்துத் தொப்பியை எடுத்தார்கள். ‘மெனேர் பாஸ்மன்’ என்று மரியாதையோடு கூப்பிட்டார்கள். படித்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்திய பதிப்பகங்கள் கண்ணெதிரே மூழ்கின. என்னுடையது மிதந்தது.

எப்படி என்று கேட்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் வெளிநாட்டு எழுத்தாளனுக்கு எங்கள் நாட்டில் எந்த உரிமையும் கிடையாது. லண்டனில் ஒரு நாவல் நன்றாகப் போனால் ஒரு பிரதி வாங்குவேன். அலைடாவிடம், நாங்கள் கூப்பிடுவதுபோல் யுஃப்ரோ ஹெஸ்லிங்கிடம், கொடுப்பேன். ஆறு வாரத்தில் டச்சு நாவல் தயார். எழுதியவருக்குச் சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். மொழிபெயர்ப்பு அச்சானதும் இரண்டு பிரதியில் கையெழுத்துப் போட்டு ஹேக் நகரில் இருக்கும் அமைச்சகத்துக்கு ஒரு மாதத்துக்குள் அனுப்பினால் அது சட்டப்படி நம்முடையது. ஒரே புத்தகத்தை ஐந்து பேர் மொழிபெயர்த்து அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகப் புத்தக வியாபாரிகள் சங்கத்தில் நாங்களே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். சங்கத்தின் வாரப் பத்திரிகையில் யார் முதலில் ‘இந்த நூலை நான் கொண்டுவருகிறேன்’ என்று அறிவிக்கிறாரோ அவருக்கே அது. தகராறு வந்தால் அசல் புத்தகத்தை மேஜைமேல் வைக்க வேண்டும். நேர்மையான தொழில் அது. திருடுவதற்கு வரிசையில் நின்றோம் என்று என் மருமகன் கேலி செய்கிறான். அவன் வக்கீல்.

ஒரே ஒருமுறை ஓர் இங்கிலீஷ் எழுத்தாளர் எனக்குக் கடிதம் எழுதினார். தன் நாவலில் கடைசியில் செத்துப்போகும் ஆசிரியை, டச்சுப் புத்தகத்தில் கல்யாணம் செய்துகொண்டு சௌக்கியமாக இருக்கிறாளாமே, அது எப்படி என்று கேட்டிருந்தார். யுஃப்ரோ ஹெஸ்லிங்கைக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“செத்துட்டா மெனேர். நான்தான் பொழைக்க வச்சேன்” என்றார்.

“எதுக்கு?”

“அவ சாகுற அளவுக்கு அந்தாள் ஒண்ணுமே எழுதல. முன்னூறு பக்கம் ஓடியாடிட்டு இருந்தவ, ஒரு தும்மலுக்குச் செத்தா யாரு நம்புவா?”

வாசகர்கள் நம்பினார்கள். மூன்று பதிப்பு போயிற்று. அந்த எழுத்தாளருக்கு எங்கள் ஊர்த் தேன் கேக் ஒன்றைப் பெட்டியில் வைத்து அனுப்பினேன். டெவென்டர் கேக் கிடைத்தவன் கோபமாக இருக்க முடியாது. அவர் மறுபடி எழுதவில்லை.

யுஃப்ரோ ஹெஸ்லிங்க் பள்ளி ஆசிரியர் மகள். கல்யாணம் ஆகவில்லை என்பதால் எழுபத்தொரு வயதிலும் யுஃப்ரோதான். ரொட்டிக்கடைக்கு மேலே ஒரே அறை. காலுக்கடியில் கணப்புப் பெட்டி, கையில் விரல் வெட்டிய கம்பளி உறை, வாயில் பெப்பர்மிண்ட். ஆம்ஸ்டர்டாமுக்குச் சிறுவயதில் இரண்டுமுறை போனதைத் தவிர, நான் சொல்லும் காலம்வரை வெளியூர் பார்த்ததில்லை. மலை என்றால் எங்கள் பக்கத்து மணல்மேடுதான். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு லண்டன் பனிமூட்டத்தையும் பாரிஸ் நாடகக் கொட்டகையையும் டச்சில் கொண்டுவருவார். தலைப்புப் பக்கத்தில் ‘இங்கிலீஷிலிருந்து’, ‘பிரெஞ்சிலிருந்து’, ‘ஜெர்மனிலிருந்து’ என்று மட்டும் போடுவேன். யார் செய்தது என்று போடுவதில்லை. பாலத்தில் நடப்பவன் கொத்தனார் பெயரையா கேட்கிறான்? அவரும் கேட்டதில்லை. ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை, ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டில், ஒரு தடித்த கைப்பிரதிக் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“எந்த மொழி?” என்று கேட்டேன்.

“எந்த மொழியும் இல்ல. நானே எழுதினது.”

நான் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. “யுஃப்ரோ, ரொட்டிக்கடை மாடியில இருக்குற அம்மா எழுதின கதைய, ரொட்டி வாங்க வர்றவங்ககூட வாங்கமாட்டாங்க. இப்ப எல்லாருக்கும் நார்வே பைத்தியம் புடிச்சிருக்கு. பனி, பாறை, பாவம் பண்ணின பாதிரியார். ஒரு நார்வேக்காரன் கெடச்சா கொண்டாங்க, கண்ண மூடிட்டு அச்சுல ஏத்துறேன்.”

அவர் கட்டை எடுத்துக்கொண்டு போனார். நான்கு மாதம் கழித்து நார்வேக்காரரோடு வந்தார். ஐனார் ஃபோஸ் எழுதிய ‘பாறைப் பள்ளத்தாக்கின் மணப்பெண்.’

“நார்வே மொழி உங்களுக்கு எப்படி?” என்றேன்.

“கத்துக்கிட்டேன்.”

“நாலு மாசத்துலயா?”

“குளிர்காலம் நீளமா இருந்துச்சு மெனேர்.”

அன்று சாயங்காலமே பாதிக் கதையைப் படித்துவிட்டேன். எனக்கு வெளிநாட்டு மொழி எதுவும் தெரியாது, ஆனால் எது விற்கும் என்று மூக்கு சொல்லும். கல்யாணச் சீராக வந்த கறுப்பு அலமாரியை மணப்பெண்ணின் புகுந்த வீட்டு மாடிக்கு ஏற்றும் இடம் ஒன்று இருக்கிறது. கூரை முகட்டுக் கொக்கியில் கப்பி மாட்டி, கயிறு கட்டி, நான்கு பேர் கீழே நின்று இழுக்க, அலமாரி மாடி ஜன்னலுக்கு நேரே அந்தரத்தில் ஊசலாடுகிறது. உள்ளே மணப்பெண் மாமியாரோடு சண்டை போடுகிறாள். படித்துவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். வாரப் பத்திரிகையில் அறிவித்தேன். அசல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நார்வே மொழியில் இருந்தால் எனக்கென்ன, சீன மொழியில் இருந்தால் எனக்கென்ன? ‘நார்வே மொழியிலிருந்து’ என்று போட்டு, இரண்டு பிரதியில் கையெழுத்திட்டு ஹேக்குக்கு அனுப்பினேன்.

இரண்டு வருடத்தில் மூன்று பதிப்பு. மலைக்காற்று முகத்தில் அடிக்கிறது என்று மதிப்புரைக்காரர்கள் எழுதினார்கள். நார்வே இலக்கியத்தை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர் என்று ஒரு விருந்தில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தேன்.

நான்காம் பதிப்புக்குக் காகிதம் வாங்கிய வாரம், பத்திரிகையில் ஆர்ன்ஹெம் ஊர்ப் பதிப்பாளர் லூபெர்ட் ஸ்வான் ஓர் அறிவிப்புப் போட்டான். ‘ஐனார் ஃபோஸ் எழுதிய பாறைப் பள்ளத்தாக்கின் மணப்பெண், ஜெர்மன் மொழி அசலிலிருந்து, சரியான மொழிபெயர்ப்பு, மலிவு விலையில்.’ கீழே இன்னொரு வரி: ‘டெவென்டர் பதிப்பாளர் தன்னிடம் அசல் இருந்தால் சங்கத்தின் முன் வைக்கட்டும்.’

பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு ரொட்டிக்கடை மாடிக்கு ஏறினேன். அந்தப் படிகளில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை. பதினாறு வருடமாக அவர்தான் என்னிடம் வருவார்.

“யுஃப்ரோ, அந்த நார்வேப் புத்தகத்தைக் குடுங்க. ஸ்வான் வாய அடைச்சிட்டு வர்றேன்.”

அவர் எழுந்து காப்பிக் கெட்டிலைக் கணப்பிலிருந்து இறக்கினார். ஒரு கோப்பையில் ஊற்றி என் முன் வைத்தார். ஒரு பிஸ்கட்டும் வைத்தார். பிறகு, “அசல் இல்ல” என்றார்.

“தொலஞ்சிடுச்சா?”

“இருந்தாத்தானே தொலையறதுக்கு. அன்னைக்கு நீங்க அவுக்காம திருப்பிக் குடுத்தீங்களே, அந்தக் கட்டுதான் இது. கதை இங்க டெவென்டர்ல நடந்துச்சு. பனி போட்டேன், பாறை போட்டேன். வியாபாரியப் பாதிரியாரா மாத்தினேன். ஊர்ப் பேரையும் ஆள் பேரையும் மாத்தினேன். ஐனார் ஃபோஸ்னு ஒருத்தர் இல்ல.”

“அப்ப ஜெர்மன்ல இருக்குறது?”

“என் புத்தகத்த எவனோ லைப்சிக்ல ஜெர்மன்ல போட்டிருக்கான். என்னை மாதிரி ஒரு ஆள் அங்கயும் இருக்காங்க போல.”

அதற்கும் சட்டம் இடம் கொடுத்தது. நாடுகளெல்லாம் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் நாடு கையெழுத்துப் போடவில்லை. நாங்கள் அவர்களுடையதை எடுத்தோம், அவர்கள் எங்களுடையதை எடுத்தார்கள். ஸ்வான் லைப்சிக் சந்தையில் அந்த ஜெர்மன் புத்தகத்தை வாங்கி, நம்பி, அறிவித்துவிட்டான். அவன்மேல் தவறு சொல்ல முடியாது. அவனிடம் ஒரு புத்தகம் இருந்தது. எங்களிடம் ஒன்றும் இல்லை. சங்கத்துக்குப் போனால் மேஜையில் புத்தகம் வைத்தவனுக்கே தீர்ப்பு. யுஃப்ரோ ஹெஸ்லிங்க் எழுதிய நாவல், எவனோ எழுதியதன் தப்பான மொழிபெயர்ப்பு என்று ஏட்டில் ஏறிவிடும்.

நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே யோசித்தேன். என் மூளை அப்படி வேலை செய்யும், தின்றால் ஓடும். “கவலப்படாதீங்க. நார்வே மொழி தெரிஞ்ச ஒரு கப்பல்காரனப் புடிச்சு எழுத வைப்போம். பழைய காகிதம் என்கிட்ட இருக்கு. பதினஞ்சு நாள்ல அசல் அச்சடிச்சுத் தர்றேன். எவன் கண்டுபிடிப்பான்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “மெனேர் பாஸ்மன், அந்தப் புத்தகத்துக்கு அசல் நான்தான். என்னைய விட்டுட்டு நீங்க இன்னொன்ன அச்சடிப்பீங்களா?”

“சங்கத்துல நீங்க எழுதினதுன்னு சொன்னா, இத்தன வருஷம் பொய் சொன்னோம்னு ஆகும். அப்புறம் எவனும் உங்களுக்கு மொழிபெயர்ப்பு குடுக்கமாட்டான்.”

“தெரியும்.”

“சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

“அத அப்புறம் பாக்கலாம். அந்த மணப்பெண்ண ஆர்ன்ஹெம்காரனுக்குத் தாரவாத்துக் குடுத்துட்டு நான் என்ன சாப்பிட்டு என்ன?”

ஆம்ஸ்டர்டாமில் சங்கத்தின் மாடிக் கூடத்தில் விசாரணை. மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர் டெ க்ரோட், பைபிள் அச்சிட்டே பணக்காரரானவர். பெண்கள் உறுப்பினராக முடியாது, பேசவும் முடியாது. அதனால் ஜெர்மன் தெரியாத எனக்கு வாசித்துக்காட்ட வந்தவர் என்று யுஃப்ரோ ஹெஸ்லிங்கை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். அந்த யோசனை என்னுடையது.

ஸ்வான் புத்தகத்தை மேஜையில் வைத்தான். நல்ல கெட்டி அட்டை, தங்க எழுத்து, எழுதியவர் ஐனார் ஃபோஸ். வெளியான வருடம் எங்கும் இல்லை. மொழிபெயர்ப்பு என்றும் இல்லை.

“உங்க அசல் எங்க பாஸ்மன்?” என்றார் டெ க்ரோட்.

“முதல்ல அதப் பாக்கணும்” என்றேன்.

யுஃப்ரோ ஹெஸ்லிங்க் புத்தகத்தை வாங்கினார். அவர் பக்கம் புரட்டுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. ஒரு வரி மாறாமல் இருந்திருக்கிறது. வேலை சுத்தம் என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். கால் மணி நேரம் போயிற்று. கிழவர்களில் ஒருவர் கொட்டாவி விட்டார். ஸ்வான் கைக்கடிகாரத்தை, இல்லை, அப்போதெல்லாம் சட்டைப்பைக் கடிகாரம், அதை எடுத்து எடுத்துப் பார்த்தான். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் யுஃப்ரோவின் விரல் நின்றது. பெப்பர்மிண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“மெனேர் பாஸ்மனுக்காக ஒரு அடிக்குறிப்ப வாசிக்கலாமா?” என்று தலைவரைக் கேட்டார்.

“வாசிங்கம்மா.”

அலமாரியைக் கயிறு கட்டி ஏற்றும் இடம் அது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் லைப்சிக்காரர்கள் குறிப்புப் போட்டிருந்தார்கள். யுஃப்ரோ அதை டச்சில் சொன்னார்: “சாமான்களைக் கூரைக் கொக்கியில் கட்டி ஜன்னல் வழியாக ஏற்றுவது நார்வே மலைவாசிகளின் விநோதமான, முரட்டுத்தனமான பழைய வழக்கம்.”

டெ க்ரோட்டின் முகம் சுருங்கியது. “என்னது முரட்டுத்தனம்? போன மே மாசம் என் மக வீடு மாறினா. பியானோ அப்படித்தான் போச்சு.”

“எங்க வீட்ல எல்லாமே அப்படித்தான்” என்றார் கொட்டாவி விட்டவர். “வேற எப்படிப் போகும்? படிக்கட்டுல பூனையே ஒருக்களிச்சுத்தான் ஏறும்.”

“அப்ப நாம மலைவாசியா?” என்றார் மூன்றாமவர்.

யுஃப்ரோ ஸ்வான் பக்கம் திரும்பினார். “மெனேர் ஸ்வான், நீங்க லைப்சிக் போயிருக்கீங்க. அங்க எந்த வீட்டு முகட்டுலயாவது கொக்கி பாத்தீங்களா?”

அவன் யோசித்தான். ஸ்வான் பொய் பேசுகிறவன் இல்லை, அது அவன் தொழிலுக்கே பெரிய இடைஞ்சல். “குடோன்ல பாத்தேன். வீட்ல இல்ல. அங்க படிக்கட்டு நல்ல அகலம். அலமாரியோட நடந்தே ஏறலாம்.”

“நார்வே மலையில?”

“நான் போனதில்லம்மா. மாடியே இருக்காதுன்னு கேள்வி. மரக்கட்டையில ஒரு தட்டு வீடுதான்.” சொல்லிவிட்டு அவனே புத்தகத்தை இழுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்தான். “அப்ப இந்த அலமாரி எந்த மாடிக்குப் போகுது?”

“இதே ஊர்ல, பிரின்ஸன் கால்வாய்க்கரை, ரெண்டாவது மாடி” என்றார் யுஃப்ரோ ஹெஸ்லிங்க். “என் பெரியம்மா வீடு. எனக்கு ஒம்பது வயசு, கீழ நின்னு பாத்தேன். மலையில வீடு எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச வீட்ட வச்சேன். இங்க மூணு பதிப்பு போச்சு, ஒருத்தரும் கேக்கல. ஜெர்மன்காரனுக்குத்தான் விநோதமாப் பட்டிருக்கு. எழுதினவனுக்கு விநோதமா இருந்தா இதை எழுதியிருக்கமாட்டான். இத எழுதினது ஜெர்மன்காரனும் இல்ல, நார்வேக்காரனும் இல்ல. நான்.”

பெண்கள் பேசக் கூடாது என்ற விதி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. யுஃப்ரோ பையிலிருந்து பழைய கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அடித்தும் திருத்தியும் எழுதிய தாள்கள், வியாபாரி பாதிரியாராக மாறிய இடம், டெவென்டர் என்பதை அடித்துவிட்டுப் பள்ளத்தாக்கு என்று எழுதிய இடம். இந்தமுறை அந்தக் கட்டு அவிழ்க்கப்பட்டது. மூன்று கிழவர்களும் வாசித்தார்கள்.

தீர்ப்பு இப்படி வந்தது. அசல் என்று ஒன்று இல்லை. ஆகையால் மொழிபெயர்ப்பு என்றும் ஒன்று இல்லை. ஆகையால் மொழிபெயர்ப்புக் கட்டுப்பாட்டை இருவரும் மீறவில்லை. புத்தகம் டெவென்டர் ஹெஸ்லிங்க் எழுதியது, அவர் அனுமதி இல்லாமல் இந்த நாட்டில் யாரும் தொடக் கூடாது. இல்லாத ஆளை விளம்பரம் செய்ததற்காக எனக்கு ஒரு கண்டனம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அச்சகத்தில் மாட்டலாமா என்றுகூட நினைத்தேன். சங்கத்தின் கண்டனம் வாங்குமளவுக்கு எத்தனை படகுக்காரன் மகன் வளர்ந்திருக்கிறான்?

படி இறங்கும்போது ஸ்வான் என் தோளைத் தொட்டான். “பாஸ்மன், நான் திருடல. இல்லாத ஒருத்தர்கிட்டேர்ந்து எடுத்தேன்.”

“நான் அவரையே வெளியிட்டேன்பா” என்றேன். “என்னோடது பெரிசு.”

நான்காம் பதிப்பில் முதல்முறையாக அவர் பெயரைப் போட்டேன், பெரிய எழுத்தில், அலைடா ஹெஸ்லிங்க் எழுதியது என்று. ஓர் எழுத்தும் மாற்றவில்லை, எழுத்துக் கோத்து வைத்திருந்த பழைய ஃபாரங்களையே அச்சில் ஏற்றினேன். மலைக்காற்று என்று எழுதிய அதே மதிப்புரைக்காரர், நார்வேக்காரரின் மொழிபெயர்ப்பில் இருந்த கம்பீரம் இதில் இல்லை, ரொட்டி வாசனை அடிக்கிறது என்று எழுதினார். பதிப்பில் பாதிக்கு மேல் என் மாடியிலேயே தங்கிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் பதிப்பகங்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தின. நான் நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலைப்புப் பக்கத்தில் பெயர் இல்லாமல் ஒரு தாளும் தரமாட்டேன் என்று அவர் சொன்னார். போட்டேன். சின்ன எழுத்தில்.

லைப்சிக்கில் அந்தப் புத்தகம் ஐனார் ஃபோஸ் பெயரிலேயே ஏழு பதிப்பு போயிற்று. ‘அது நான் எழுதியது, என் பெயரையாவது போடுங்கள்’ என்று அவர் அங்கே கடிதம் எழுதினார். ஒரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், என் அறைக்கு வந்து ஒரு தகரப் பெட்டியை மேஜைமேல் வைத்தார். மூடியில் ஜெர்மன் மாதா கோயில் படம். உள்ளே மசாலாக் கேக், கூடவே அழகான எழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை.

“பதில் வந்திருக்கு” என்றார். “சாப்பிடுங்க மெனேர். சட்டம் அவங்க பக்கம்.”

ஒரு துண்டு எடுத்தேன். அவரும் எடுத்தார். இருவரும் மென்றோம். கிராம்பு அதிகம், தேன் போதாது, ஓரம் காய்ந்திருந்தது. எங்கள் ஊர்க் கேக்குக்குக் கிட்டவே வராது. அதை அவரிடம் சொன்னேன்.

“ஆமா” என்றார் யுஃப்ரோ ஹெஸ்லிங்க். “அந்த இங்கிலீஷ்காரருக்கு நல்ல கேக்காவது கெடச்சுது.”